சுவரைத் தடவிய கை

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். தென்கொரியாவின் குவாங்ஜுவில் என் வீட்டு மாடியில் குடியிருந்த ராஹீக்கு இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

ராஹீ ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். பட்டம் வாங்கப்போகிறவர்கள் சேர்ந்து வைக்கும் கண்காட்சிக்கு அந்த வருடத் தலைப்பு ‘எழுத்தும் வாசிப்பும்’. பழைய பேப்பர் கடையில் அவளுக்கு ஒரு பிரெயில் நோட்டு கிடைத்திருந்தது. பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற நோட்டு. அதிலிருந்த புள்ளிகளை அதே அளவில் வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பிளாஸ்டரால் வைத்தாள். தலை உயரத்திலிருந்து முழங்கால்வரை, இடைவெளி விட்டு முப்பத்தொரு வரி. மூன்று வாரம் ஆனது. என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை.

வியாழக்கிழமை காலை பேராசிரியர் மா பார்த்துவிட்டுக் கொதித்தார்.

“என்னன்னே தெரியாம செவுத்துல வைப்பியா? நாளைக்குத் திறப்பு விழா. அதுக்குள்ள படிக்கத் தெரிஞ்சவங்களக் கூட்டிட்டு வா. இல்லேன்னா எல்லாத்தையும் சுரண்டி எடு. பட்டம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

பக்கத்துச் சுவர் தோகுனுடையது. ராஹீயின் இடத்தின்மேல் அவனுக்கு முதல் நாளிலிருந்தே கண்.

“சுரண்ட ஆள் வேணும்னா கூப்பிடு” என்றான். “சந்தோஷமா வரேன்.”

அவன்மேல் அவளுக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை புள்ளிகளின்மேல் சாம்பல் நிறத்தில் அழுக்குத் தடங்கள் இருந்தன. துடைத்தாள். புதன்கிழமை மறுபடியும் இருந்தன. எல்லாம் இடுப்பு உயரத்தில். பெரியவர்கள் குனிந்து தொட்டால்தான் அப்படி வரும். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், 12.40க்கு, கண்காட்சிக் கூடத்துக்குள்ளிருந்து ஒரு சத்தமும் கேட்டது.

சர்... சர்...

ஓடிப்போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை.

“நான் எதுக்குடி அதத் தொடணும்?” என்று தோகுன் சீறினான். “பைத்தியமா உனக்கு?”

வியாழக்கிழமை மதியமே மசாஜ் நிலையத்தில் வேலை செய்யும் பியோ அம்மாவை அழைத்து வந்தாள். அறுபது வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. கூடத்தில் இவர்கள் இருவர் மட்டும். மணி 3.05.

பியோ அம்மா கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரில் விரல் வைத்தார். முதல் வரி. உதடு மட்டும் அசைந்தது. இரண்டாம் வரியில் நின்றுவிட்டார்.

“பாப்பா, கைய எடு. இடிக்குது.”

“எந்தக் கை? என் ரெண்டு கையும் கோட்டுப் பையில இருக்குங்க.”

பியோ அம்மாவின் விரல்கள் நகரவில்லை. ஆனாலும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

“என் நோட்டு... யாரு எடுத்தா...”

ராஹீ பையிலிருந்து கையை எடுத்தாள்.

“செவுத்துல யாரு வச்சா... அவ இங்க இருக்காளா...”

கூடம் சில்லென்று ஆனது.

“எந்தப் பக்கம்... சொல்லு...”

பியோ அம்மா வாயை மூடிக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. ராஹீ நின்ற திசையில் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

பேசாத. செருப்பக் கழட்டு. வெளிய போ.

கழற்றினாள். வாசலுக்கு இருபது அடிதான். சுவரை ஒட்டியே போக வேண்டும்.

ஒரு அடி.

சர்...

இன்னொரு அடி.

சர்... அவள் இடுப்புக்குப் பக்கத்தில்.

நின்றாள். அதுவும் நின்றது.

3.11. அவள் போன் அடித்தது. தோகுன்.

அணைப்பதற்குள் மூன்று முறை அடித்துவிட்டது.

பிறகு... முகத்தில் விரல்கள்.

ஐஸ் போல. சின்ன விரல்கள். புருவம். இமை. மூக்கு. உதடு. ஒவ்வொன்றாக... நிதானமாக...

உதட்டில் நின்றன. அழுத்தின.

மூச்சு வரவில்லை.

டக். டக். டக்.

பியோ அம்மா கைத்தடியால் தரையை அடித்தார்.

“இங்க வா. இந்தப் பக்கம். எங்கிட்ட வா.”

விரல்கள் விலகின. ராஹீ ஓடினாள்.

வெளியே தோகுன் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் கிண்டல் செய்ய வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டான். அவள் வாயின்மேல் பிளாஸ்டர் தூளில் ஐந்து விரல் தடம். ஒரு குழந்தையின் கை அளவு. இருவரும் உள்ளே போகப் பயந்து நின்றார்கள். நான்கு நிமிடம் கழித்துப் பியோ அம்மா தானாகவே வெளியே வந்தார். வலது கையைச் சால்வைக்குள் சுற்றி மறைத்திருந்தார். நோட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ராஹீயே அந்தச் சுவரைச் சுரண்டி எடுத்தாள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. பேராசிரியரிடம் அவள் காரணம் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துப் பியோ அம்மா போன் செய்தார்.

“நோட்டு முழுக்கத் தடவிட்டேன் பாப்பா. பெருக்கல் வாய்ப்பாடு. ரெண்டுல ஆரம்பிச்சு ஒன்பது வரைக்கும். வேற ஒரு எழுத்துகூட இல்ல. உன் செவுத்துலயும் அதான் இருந்துச்சு.”

“அப்ப அன்னிக்கு நீங்க படிச்சது?”

பியோ அம்மா குரலைத் தாழ்த்தினார்.

“நான் எங்க படிச்சேன்? என் விரல்மேல விரல வச்சு... புள்ளி புள்ளியாக் குத்தி... அதுதான் எங்கிட்ட பேசிச்சு.”