சித்திக்கு வாசித்த கடல்

சரஸ்வதி பூசையன்று புத்தகம் படிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நூலகப் புத்தகத்துக்கு அதில் விலக்கு உண்டா என்று யாரும் யோசித்ததில்லை. ஒஸ்லோவில் நான் நாலாம் வகுப்புப் படித்த அந்த ஒக்ரோபரில், குறொன்லாண்டுக் கடைத்தெருவில் அவலும் கடலையும் வாங்கிவந்த அம்மா, வீட்டில் அகப்பட்ட புத்தகங்களையெல்லாம் அள்ளிச் சாமிப்படத்தின் முன்னால் அடுக்கிப் பட்டுத்துணியால் மூடிவிட்டார். நான் நூலகத்தில் எடுத்திருந்த நோர்வேஜியக் கதைப்புத்தகமும் அதற்குள் போய்விட்டது. கதை முடிய இன்னும் கொஞ்சப் பக்கம்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்தது.

அது வடக்குத் தீவொன்றின் கதை. மீன்பிடிக்கப் போன தகப்பன் மூடுபனியில் அகப்பட்டுத் திரும்பவில்லை. மகள் நாள்தோறும் வெளிச்சவீட்டடியில் போய் நிற்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குசினி மேசையில் இருந்து அதைத் தமிழாக்கிச் சித்திக்கு வாசிப்பேன். சித்தி அம்மாவின் தங்கை. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலையில் நோர்வேஜிய மொழி வகுப்புக்குப் போய்வருவார். சித்தப்பா யுத்தம் முடிந்த நாட்களில் காணாமற் போயிருந்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார்; நானும் கேட்டதில்லை.

என் தமிழோ குசினிக்குள் பிறந்து குசினிக்குள் வளர்ந்த தமிழ். கடலுக்கு வேண்டிய சொற்கள் அதில் இல்லை. "வடக்கால வாற காத்து..." என்று நான் இழுத்தால், "வாடை" என்று சித்தி எடுத்துக்கொடுப்பார். கடற்கரை ஊரில் பிறந்தவர். ஜன்னலுக்கு வெளியே பேர்ச் மரத்து இலைகள் மஞ்சளாய் உதிர, எங்கள் குசினி மெல்ல மெல்ல மிதக்கத் தொடங்கும். அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பூசையன்று பின்னேரம் சித்தி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டார்: "பிள்ளை, அந்த மனுசன் வருவாரோ?"

"இண்டைக்குப் படிக்கக் கூடாதெல்லோ சித்தி."

"படிக்க வேண்டாம். சும்மா சொல்லு."

படிக்கத்தானே தடை, சொல்லத் தடையில்லையே. நான் சொன்னேன். மூடுபனி விலகியது. படகு வந்தது. தகப்பன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். மகள் சப்பாத்தோடு தண்ணீருக்குள் ஓடினாள். அதுவரை நான் வாசித்த கதைகளிலெல்லாம் போனவர்கள் திரும்பியிருந்தார்கள். ஆகவே எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சித்தி தேத்தண்ணியைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் விஜயதசமி. அம்மா அட்டையில் சந்தனப் பொட்டு வைத்த புத்தகத்தை என் கையில் தந்து, "ஒரு பக்கமாவது படி" என்றார். ஒரு பக்கமென்ன, முடிவு வரை படித்தேன். படகு வந்தது. அதற்குள் ஒருவரும் இருக்கவில்லை. இன்னும் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். ஒரு புத்தகம் என்னை அப்படி ஏமாற்றியது அதுதான் முதல் தடவை.

அன்று பின்னேரமும் சித்தி மேசைக்கு வந்து இருந்தார். நான் அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டே சிவப்புத் தொப்பியை வாசித்தேன். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பவும் செய்தேன். இன்று மொழிபெயர்ப்புத்தான் என் தொழில். மூலத்திலிருந்து ஒரு சொல்லும் பிசகக் கூடாது என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறேன்.

"திரும்ப ஒருக்கா வாசி" என்றார் சித்தி. இரண்டாம் முறை தொப்பி நீலமாகிவிட்டது. "சிவப்பெல்லோ" என்றார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க இருவரும் ரயிலில் போனோம். சந்தனம் அட்டையில் ஊறியிருந்தது. நூலகத்தில் என்ன சொல்வது என்பதே என் கவலை. வெளியே ஒரே மூடுபனி, மரங்களும் மாடிவீடுகளும் வந்து வந்து கரைந்தன. சித்தி கடைசிப் பக்கத்தை விரித்து, விரலை வைத்து, நோர்வேஜிய மொழியில் ஒரு வரியை மெல்ல வாசித்தார். படகில் ஒருவரும் இல்லை என்ற வரி அது. அவர் வெறுமனே எழுத்துக் கூட்டுகிறார் என்று நினைத்து, ஒரு சொல்லின் உச்சரிப்பைத் திருத்தினேன். அவர் திருத்திக்கொண்டு மறுபடி வாசித்தார். நன்றாகவே வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி. இனி நீ வாசிச்ச மாதிரிச் சொல்லு."

பாவம் சித்தி, இவ்வளவு நாள் வகுப்புக்குப் போயும் ஒரு சொல்லும் விளங்கவில்லையே என்று இரங்கி, நான் படகை மறுபடியும் கரைக்குக் கொண்டுவந்தேன்.