ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு காது

தெரு வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. சிவப்புத் தொலைபேசி, மேலே பூ தைத்த துணி. எதிர்வீட்டு அம்மாவின் மகன் துபாயிலிருந்து போட்டிருந்தான். "இந்த ஒரு போன்தான் நம்ம தெருவையே ஒரே குடும்பமா வெச்சிருந்துது. அந்தக் காலம் வருமா?" கீழே இதயங்கள் வரிசையாக விழுந்தன. நான் எதுவும் போடவில்லை.

அந்தப் போன் எனக்கும் தெரியும். எங்களுக்கு அழைப்பு வந்தால் அந்த அம்மா ஜன்னலுக்குள் நின்று ரிசீவரைப் பிடித்துக்கொள்வார். நாங்கள் வெளியே நின்று, கம்பியில் காதை அழுத்திப் பேச வேண்டும். ரிசீவரில் வாசனைக்காக ஒட்டியிருந்த பஞ்சின் மணம் மட்டும் வெளியே வரும். பேசி முடித்ததும், எங்கள் கண்ணெதிரே அதை முந்தானையால் துடைப்பார். வேறு யார் பேசினாலும் துடைத்ததில்லை.

ஐந்தாம் வகுப்பு முடித்தபோது செங்கல்பட்டில் விடுதியோடு படிக்க விண்ணப்பித்தேன். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தொலைபேசி என்ற இடத்தில் அவர்கள் எண்ணை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட்டேன். போன் இல்லாதவர்கள் அப்படித்தான் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுப்போம்.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததா என்று தினமும் போய்க் கேட்டேன். ஒருநாள் அந்த அம்மா சொன்னார்: "ஆமாண்டி, வந்துச்சு. நாலு நாளாவுது. நாடகம் பாத்துகினு இருந்தனா, மறந்தே பூட்டேன். வுடு, நீ இன்னா கலெக்டராவா ஆவப்போற?"

அப்பா மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு ஓடினார். இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதன்பிறகு ஏழு வருஷம் செய்யூர் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டுதான் படித்தேன். இன்று ஆசிரியை. கலெக்டர் இல்லைதான்.

நேற்று சாயங்காலம் துபாய் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு. "அக்கா, அம்மா போன் தண்ணில வுழுந்துட்ச்சாம். உன் நம்பர்லதான் பேசணும். கொஞ்சம் கூப்பிடுறியா?"

எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். அந்த அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார். எங்கள் வீட்டுக் கதவு தாழிட்டிருந்தது. நான் ஜன்னலுக்குள் நின்றேன்.

"டீச்சரம்மா, கதவத் தொற கண்ணு."

"இங்கியே பேசுங்க."

கம்பிக்குள் கையை விட்டார். நான் போனைக் கொடுக்கவில்லை, பிடித்துக்கொண்டேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு காதைக் கம்பியில் அழுத்தினார். "நல்லாகீறியா நைனா? சாப்டியா?" கன்னத்தில் கம்பியின் துரு ஒட்டியது. அதை நான் சொல்லவில்லை.

பேசி முடித்தார். துப்பட்டா நுனியை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்கப் போனைத் துடைத்தேன். இரண்டு பக்கமும், நிதானமாக.

அவர் நகரவில்லை. "நாளிக்கும் பேசுறேன்னான்," என்றார், தரையைப் பார்த்து.

"வாங்க. ஜன்னல் தொறந்துதான் இருக்கும்."

இரவு குழுவில் அந்தச் சிவப்புப் போனுக்கு நானும் ஒரு இதயம் போட்டேன்.