பாதி சார்ஜில் நான்கு பேட்டரிகள்

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் செருப்புகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வீட்டிலேயே வெயில் எட்டிப் பார்க்காத ஒரே மூலை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அங்கே அவை ராஜாவாட்டம் இருந்தன. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் எல்லாம் வாசலில் கிடக்கின்றன. அவை இருந்த இடத்தில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே, அவளுடைய ரிமோட் காருக்கான நான்கு பேட்டரிகள்.

"பேட்டரிக்குச் சூடு ஆகாதுடி," என்றாள்.

"எனக்கும்தான் ஆகாது. என்னையும் உள்ள வச்சுப் பூட்டு."

அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மயிரிழை பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் புத்தியோடு ரிமோட் கார் பந்தயத்துக்கு வந்தால் வேறு எப்படி இருக்கும்? பேட்டரி வாங்கப் போனால் கையில் மீட்டர் இருக்கும். ஒரு பேட்டரிக்குள் இரண்டு செல். இரண்டும் ஒரே அளவு காட்டினால்தான் வாங்குவாள். தயாரித்த தேதியைப் பார்ப்பாள், ஒயரை முகர்ந்துகூடப் பார்ப்பாள். அவள் தலையைக் கண்டாலே கடைக்காரர் டீ குடிக்கப் போய்விடுவார்.

"என்னைக் கட்டிக்கும்போது இதுல பாதிகூட விசாரிக்கல," என்பார் அத்தான்.

"விசாரிச்சிருந்தா நீங்க தேறியிருப்பீங்களா அத்தான்?" என்பேன் நான்.

ரிமோட் கார் கிளப்பில் ஆறு வருஷமாக அவள் இரண்டாவது. முதலிடம் எப்போதும் டயர்க் கடைக்காரனுக்கு. நன்றாக ஓட்டுவான், வாய்தான் நீளம். "அக்கா எங்க ஓட்டுறாங்க? பேட்டரில்ல ஓட்டுது!" என்று அவன் ஆரம்பித்து வைக்க, கிளப்பே பிடித்துக்கொண்டது. பெயரே பேட்டரி அக்கா என்றாகிவிட்டது. அவள் சிரித்துக்கொள்வாள். ஒரு நாள் அப்படிச் சிரித்துவிட்டு வந்தவள், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததை நான் கேட்டேன். அன்றிலிருந்து அவனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷப் போட்டியில் ஜெயிப்பவர் கிளப்பின் சார்பில் வெளியூர்ப் போட்டிக்குப் போகலாம். ஒரே ஓர் இடம். அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பயணப் பையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் என் பிறந்த நாள். கிளப்பில் எல்லோரும் மறுநாளுக்காகப் பேட்டரிகளை முழுதாக ஏற்றி வைத்துவிட்டிருந்தார்கள். நான் கேக்கில் கத்தியை வைக்கிறேன், மழையால் போட்டி அடுத்த வாரம் என்று போனில் செய்தி வருகிறது. அக்கா எழுந்துவிட்டாள்.

"எங்க போற?"

"ஃபுல் சார்ஜ்ல ஒரு வாரம் கிடந்தா கெட்டுடும். பாதிக்கு இறக்கணும்."

"அப்ப கேக்?"

"நீ வெட்டு. எனக்கு ஒரு துண்டு எடுத்து வை."

ஒவ்வொன்றாகச் சார்ஜரில் மாட்டி, பாதிக்கு இறக்கி, தேதியும் அளவும் எழுதிய சீட்டை ஒட்டி, பெட்டியில் வைத்துவிட்டு அவள் வருவதற்குள் சாயங்காலம் போயே போய்விட்டது. நான் துண்டு எடுத்து வைக்கவில்லை. கோபத்தில் அத்தானும் நானும் முழுக் கேக்கையும் காலி செய்தோம். மூன்று நாள் அவளோடு பேசவும் இல்லை.

அடுத்த வாரம், வண்டிகளைச் சோதிக்கும் மேஜையில் டயர்க் கடைக்காரன் தன் பேட்டரிகளை வைத்தான். மூன்றும் உப்பியிருந்தன. முழு சார்ஜில் ஒரு வாரம், அதுவும் மழை விட்டபின் அடித்த வெயிலில், அவனுடைய நிஜக் காரின் டிக்கியில் கிடந்திருக்கின்றன.

"உப்பின பேட்டரி தீப்பிடிக்கும். இதை வச்சு ஓட்ட விடமாட்டேன்," என்றார் நடுவர்.

அவன் ஆள் ஆளாகக் கேட்டுப் பார்த்தான். எல்லோரும் கையை விரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அப்போது பார்த்து அக்கா பெட்டியைத் திறந்தாள்.

"காலையிலதான் ஏத்தினேன். நாலும் ஒண்ணு போல இருக்கு. மீட்டர் வச்சுப் பாத்து எது வேணுமோ எடுத்துக்கோங்க."

அவளைத் தரதரவென்று ஓரமாக இழுத்தேன். "உனக்கென்ன கிறுக்கா? தானா வந்த சான்ஸ்டி!"

"ரெண்டு வண்டியிலயும் என் பேட்டரிதான்," என்றாள். "இனிமே ஓட்டுற கையைப் பத்தித்தானே பேசியாகணும்?"

எட்டு நிமிஷப் பந்தயம். ஏழு நிமிஷமும் அவன்தான் முன்னால். எனக்கு நகம் மிஞ்சவில்லை. கடைசிச் சுற்றின் வளைவில் அவன் அவசரப்பட்டு அகலமாகத் திரும்பினான். அக்கா வேகத்தை ஒரு துளி குறைத்து உள்பக்கமாக நுழைந்தாள். ஒரு வண்டி நீளம் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டினாள். ஜெயித்துவிட்டாள்! நான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன்: "இப்ப சொல்லுங்கடா, எது ஓட்டுச்சு?"

அவன் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் வந்தான். கிளப் முழுக்க நின்றுகொண்டிருந்தது. எல்லோர் காதிலும் விழும்படியாகவே சொன்னான்: "நீங்கதான் ஓட்டுனீங்க அக்கா."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. இந்த முறை அவள் எந்தக் குழாயையும் தேடிப் போகவில்லை.

மைக்கில் கோப்பை வாங்கக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. "நீ போய் வாங்குடி. இது சூடு ஆறினதும் பாதிக்கு ஏத்தி வைக்கணும்."

நான்தான் போய் வாங்கினேன். வரும் வழியில் ஒரு கேக்கும் வாங்கி, முதல் துண்டை அவள் வாயில் திணித்தேன். கோப்பை இப்போது மாடிப்படிக்குக் கீழே, அந்த இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் செருப்புகள் வாசலிலேயே கிடக்கட்டும்.