கடைசிக் கம்பத்து மோட்டார்

களக்காட்டுப் பக்கம், மின்கம்பி போய் முடிகிற கடைசிக் கம்பத்தருகே எங்கள் சூரிய மின்நிலையம் இருந்தது. பேனலில் விளைகிற மின்சாரத்தை ஊர்க் கம்பிக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவற்றை ஓடவிட்ட நாளிலிருந்து சுற்றியுள்ள வாழைத்தோட்டங்களில் பல்பு மினுக்கியது, மோட்டார் உறுமியது. அடுத்த தோட்டத்து அண்ணாச்சிக்கு இரண்டு தடவை மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அந்தக் காயில், எரிந்துவிட்டது. வாழை குலை தள்ளும் சமயம். தண்ணீர் நின்றால் அந்த வருஷப் பாடே போச்சு.

அங்கே யாரும் மோட்டாரைக் கையால் போடுவதில்லை. மும்முனை மின்சாரம் வருகிற சில மணி நேரத்தில் ஒரு நிமிஷத்தையும் விட மனசு வராமல் எல்லாரும் தானாகவே ஓடத் தொடங்கும்படி சுவிட்சை ஆட்டோவில் வைத்திருப்பார்கள். மின்சாரம் வந்ததும் அத்தனை மோட்டாரும் சேர்ந்து எழும்பும். நோஞ்சான் கம்பியில் வோல்டேஜ் தொப்பென்று விழும். இன்வெர்ட்டர் அவசரமாக அதைத் தூக்கும், கூடிப்போச்சு என்று இறக்கும், மறுபடி தூக்கும். வரப்பில் எதிரெதிரே வந்த இருவர் வழிவிடுவதாக ஒரே பக்கம் விலகி விலகி முட்டிக்கொள்வது போலத்தான்.

ஒவ்வொருவராகப் போடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டக்காரன் முதலில் விட்டுக்கொடுக்கட்டும் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்வெர்ட்டர் வோல்டேஜைத் திருத்தும் வேகத்தைக் கூட்டு என்றது எங்கள் தலைமை அலுவலகம். கூட்டிய பிறகுதான் இரண்டாவது காயில் எரிந்தது. அதனால் அன்று காலை யாரையும் கேட்காமல் வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, அண்ணாச்சியின் மோட்டார் அறைக்குப் போய் நின்றேன்.

புதுக் காயில் கட்டிய மோட்டாரை அவர் ஆட்டோவிலிருந்து எடுத்திருந்தார்.

"எல்லாவனும் போடட்டும் தம்பி. நான் பாத்துட்டுப் போடுதேன். இதுவும் எரிஞ்சா எனக்கு வேற வழி இல்ல."

மின்சாரம் வந்தது. சுற்றிலும் மோட்டார்கள் இரைந்தன. அறையின் பல்பு மங்கியது, ஏறியது, மறுபடி மங்கியது. அடுத்த மங்கல் கொஞ்சம் குறைவாக இருந்தது. அப்புறம் பல்பு ஒரே சீராக நின்றது.

அவர் பச்சைப் பொத்தானில் விரலை வைத்து என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் தலையாட்டினேன்.

மோட்டார் முனகி, பிடித்துக்கொண்டது. தண்ணீர் முதல் வரிசை வாழைக்குப் போய்ச் சேரும்வரை அவர் வாய்க்காலோடு நடந்தார். நான் பல்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரும்பி வந்தவர் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, சுவிட்சைப் பழையபடி ஆட்டோவுக்குத் திருப்பினார்.

"நாளைக்கு மக வீட்டுக்குப் போவணும். நீங்க இங்கன இருப்பியளா?"

மறுநாள் எனக்கு விடுமுறை. இருப்பேன் என்றேன்.