காட்ட முடியாத தழும்பு

அப்பாவுக்கு இதய வால்வு சுருங்கிப்போயிருந்தது. காரைக்காலில் என் மாடி வீட்டுக்கு வந்தால், மூச்சு வாங்கும் என்று படி ஏறமாட்டார். கீழே நின்றே கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போய்விடுவார். பீடியில் கெட்ட நுரையீரலோடு நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டார் என்று, தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள்.

சொந்த ஊரான வரிச்சிக்குடிக்கு அழைத்து வந்த மறுநாள் வீடு நிறைய சொந்தக்காரர்கள். எங்கள் ஆட்கள் ஹார்லிக்ஸை வைத்த கையோடு தையலைப் பார்க்க வேண்டும். பார்த்து உச்சுக்கொட்டினால்தான் வந்த வேலை முடியும். அப்பா பெருமையாகச் சட்டையைத் திறந்தார். நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை. தழும்பு இருந்ததோ கவட்டையில். அதை அத்தைக்கா காட்ட முடியும்?

"ஒண்ணுமே பண்ணலியே தம்பி. நல்லா ஏமாத்தி அனுப்பிட்டாங்க" என்றார் அத்தை, அப்பாவின் அக்கா.

நான் செல்போனில் ஸ்கேன் படத்தைக் காட்டினேன்.

"இது யாரு நெஞ்சோ, யாரு கண்டா?"

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை அப்பா நிறுத்திவிட்டார். போனில் கேட்டதற்கு, "பண்ணாத ஆபரேஷனுக்கு எதுக்கும்மா மாத்திரை?" என்கிறார்! நிறுத்தினால் பக்கவாதம் வரலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பயத்தில் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

சாயங்காலம் தெருவிலிருந்தே அவர் குரல் கேட்டது. என்னை நேரில் திட்டுவதற்கென்றே பஸ் பிடித்து வந்திருக்கிறார். நான் இறங்குவதற்குள் படியேறத் தொடங்கிவிட்டார். "பெத்த அப்பன்கிட்ட பேசுற பேச்சா அது? உனக்குப் படிப்பு ஒரு கேடா?" என்று ஒரு படியிலும் நிற்காமல், ஒரு வசவையும் விடாமல் மேலே வந்து, மாத்திரை அட்டையை மேசையில் வீசினார்.

"நீயே முழுங்கு இதை!"

"எப்புடிப்பா மேல வந்தீங்க?"

"எப்புடின்னா? படியேறித்தான்" என்றவர், சட்டென்று நிறுத்தினார். திரும்பிப் படிகளைப் பார்த்தார். பிறகு என்னை.

"தண்ணி கொண்டா" என்றார்.

மாத்திரையை விழுங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது. திட்டி முடிக்கும்வரை அவர் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை.