சீனியவரை ஷெட்டின் பின்வாசல்

பாண்டிலட்சுமி அத்தை அன்றைக்கு ஓடியதைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. சீனியவரை விதைத்திருக்கும் சம்சாரிகள், அவள்தான் லோடைக் கெடுத்தாள் என்கிறார்கள். பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள், ஓடாமல் வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். இரண்டும் என் காதில்தான் விழும். காய் வாங்கும் கம்பெனியில் வயல் அலுவலர் நான். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் முதல் பட்டதாரியும் நான்தான். வேலை கிடைத்ததும் ஊர் முக்கில் எனக்கு பிளெக்ஸ் வைத்தார்கள். அத்தை அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏலே, இம்புட்டுப் படிச்சது அவரைக்காய அளந்து பாக்கத்தானாக்கும்?" என்று சிரித்தாள்.

அத்தைக்கு அப்போது சிரிக்க முடிந்தது. பட்டாசை விட்டு வந்திருந்த காலம் அது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து சரவெடி பின்னியவள் அவள். பேசிக்கொண்டே இருப்பாள், கை தன்பாட்டில் ஓடும். ஒரு நாள் அவள் வேலை பார்த்த கம்பெனியில் வெடிமருந்து ரூம் வெடித்தது. எல்லோரும் ஓடினார்கள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து பின்னும் சுப்புத்தாயும் ஓடித் தப்பித்தாள். சத்தம் அடங்கியதும், "என் சாப்பாட்டுப் பையி உள்ள கெடக்கு, மகளோட மருந்துச் சீட்டு அதுலதான் இருக்கு" என்று திரும்பிப் போனாள். அப்போதுதான் அடுத்த ரூம் வெடித்தது. சுப்புத்தாயை அவள் காலில் கிடந்த மெட்டியை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். சொன்னது அத்தை.

மறுநாள் காலையில் பட்டாசு வேன் வந்து வாசலில் ஆரன் அடித்தபோது அத்தை கதவைத் திறக்கவில்லை. "இனிமே அந்த வேன்ல ஏறுனேன்னா என் பேர மாத்திக் கூப்புடுங்க" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

அவள் நல்ல நேரமோ என்னவோ, காய் வாங்கும் கம்பெனி அந்த வருடம்தான் எங்கள் பக்கம் வந்தது. வெளியூரில் கொத்தவரங்காய் என்பதைத்தான் நாங்கள் சீனியவரை என்போம். கரிசலுக்கும் வெயிலுக்கும் அஞ்சாத செடி. விதை கம்பெனி கொடுக்கும். எந்த மருந்தை எப்போது அடிக்கலாம் என்று நான் சொல்வேன். சம்சாரி விடியற்காலையில் பறித்துத் தருவார். அது அன்றைக்கே விமானம் ஏறி வளைகுடா நாட்டுக் கடைகளுக்குப் போகும். காய் விரல் நீளம் தாண்டக் கூடாது, விதை புடைத்துத் தெரியக் கூடாது. ஒரு நாள் பறிப்புத் தள்ளிப்போனாலும் நார் ஓடிவிடும்; அதை உள்ளூர்ச் சந்தையில்கூட முகம் சுளித்துத்தான் வாங்குவார்கள். அத்தையின் வீட்டுக்காரர் சங்கையா மாமா கடன் வாங்கி போர்க் கிணறு போட்டு, ஒன்றரை ஏக்கரில் ஒப்பந்தத்துக்கு விதைத்தார். அத்தை, காயைத் தரம் பிரித்து அட்டைப் பெட்டியில் அடுக்கும் ஷெட்டுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தாள். பட்டாசில் வாங்கியதைவிடக் கூலி குறைவு. கூடவே பட்டாசை விட்டு வந்த பெண்களையே பொறுக்கிச் சேர்த்தாள்.

ஷெட் என்பது பழைய தீப்பெட்டிக் கம்பெனிக் கட்டடம். முதல் நாள் அந்தப் பெண்கள் யாரும் சொல்லாமலே, பட்டாசு ரூமுக்குள் போகிற பழக்கத்தில் செருப்பை வாசலில் கழற்றினார்கள், வளையலை உருவி முந்தானையில் முடிந்தார்கள், மேஜைக்கு நான்கு பேராக உட்கார்ந்தார்கள்.

மேனேஜர் தருண்குமார் கோயம்புத்தூர்க்காரர். "பத்துப் பேர் உட்கார்ற டேபிளுங்க. ஏன் நாலு நாலு பேரா உட்கார்றீங்க?" என்றார்.

"அஞ்சாவது ஆளு உக்காந்தா அதிகாரி வந்து ரூமுக்குச் சீல் வச்சிருவாகளே சார்" என்றாள் ஒருத்தி. ஷெட்டே சிரித்தது. பட்டாசு ரூமுக்கு நான்கு பேர் என்பது சட்டம் என்று அவருக்கு நான்தான் விளக்கினேன்.

பின்வாசல் விஷயத்தில் மட்டும் அத்தை மல்லுக்கு நின்றாள். ஈ வரும், கோல்டு ரூம் குளிர் வீணாகும் என்று அவர் பின்வாசலைப் பூட்டச் சொன்னார்.

"ஒத்த வாசல் உள்ள எடத்துல நாங்க உக்கார மாட்டோம் சார்."

"அம்மா, இது காய்ங்க. வெடிக்காது."

"காய் வெடிக்காதுன்னு எங்களுக்குத் தெரியும். எங்க முதுகுக்குத் தெரியலயே."

அவர் விட்டுக்கொடுத்தார். காரணம் இரக்கம் இல்லை. சரம் பின்னிய விரல்கள் காயை ஒரே முகமாக அடுக்கும் வேகத்தை அவர் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து பார்க்க வந்தவர்களை எல்லாம் அந்த மேஜைகளுக்குத்தான் கூட்டிவந்து காட்டுவார்.

அந்த ஆடி மாதம் காற்று ஆளைத் தள்ளியது. மத்தியானம் லோடு ஏற்ற வேன் வந்து நின்றது. கோல்டு ரூம் கதவைத் திறந்துவைத்துப் பெட்டிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தோம். ஷெட்டுக்கு வெளியே டிரான்ஸ்பார்மரில் ஓலை ஏதோ பறந்துவந்து விழுந்திருக்க வேண்டும். படாரென்று ஒரு சத்தம். நீலமாக ஒரு வெட்டு. கரண்ட் போய்விட்டது.

யாரும் அலறவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். கையில் இருந்த காய் இருந்த இடத்திலேயே விழுந்தது. அந்தப் பெண்கள் முன்வாசலில் பாதி, பின்வாசலில் பாதியாக வெளியேறினார்கள். ஒருத்தியும் செருப்பைப் பார்க்கவில்லை, பையை எடுக்கவில்லை, திரும்பவில்லை. எதிரே சங்கையா மாமாவின் தோட்டம். காய்த்து நின்ற செடிகளை மிதித்துக்கொண்டு, கண்மாய்க் கரை வரைக்கும் போய்த்தான் நின்றார்கள். முன்னால் ஓடியவள் அத்தை.

ஜெனரேட்டர் அறைச் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

தருண்குமார் கத்தினார். நான் தோட்டத்தின் வழியே ஓடினேன். கரையில் அத்தை தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எல்லோரும் இருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகும் மறுபடி எண்ணினாள்.

"அத்தை, டிரான்ஸ்பார்மருதான். ஒண்ணுமில்ல. சாவியக் குடுங்க."

"உக்காருலே."

"கோல்டு ரூம் தெறந்து கெடக்கு, லோடு போயிரும்."

"போகட்டும்லே. மொத சத்தம் ஆளை வெரட்டத்தான். ரெண்டாவதுதான் தின்னும்."

"இங்க ரெண்டாவது கெடையாது அத்தை! உள்ள இருக்கிறது அவரைக்காய்!"

அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முகம் என் பக்கம் இருந்தது, பார்வை ஷெட்டின் மேல் இருந்தது. "சாப்பாட்டுப் பையின்னுதான் அவளும் சொன்னா" என்றாள். இடுப்பில் செருகியிருந்த சாவியைச் சேலையோடு சேர்த்து மற்றொரு கை இறுக்கியிருந்தது. வயதில் மூத்த பெண்ணின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்க என்னால் ஆகுமா? அவளாக அவிழ்த்துக் கொடுத்தபோது கோல்டு ரூமின் குளிர் முழுக்க வெளியே போயிருந்தது. இரண்டாவது சத்தம் வரவில்லை. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

காய் வேர்த்துவிட்டது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்து, புள்ளி விழுந்திருக்கிறது என்று லோடு முழுவதையும் ஒதுக்கினார்கள்.

அடுத்த நாள் தருண்குமார் ஒப்பந்தச் சம்சாரிகளை ஷெட்டில் கூட்டினார். குரலை உயர்த்தவே இல்லை. "டிரான்ஸ்பார்மர் வெடிச்சது யார் தப்பும் இல்லீங்க. ஆனா ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடுற ஆளுங்களை வெச்சு நான் ஏற்றுமதி பண்ண முடியாது. பேக்கிங்குக்கு வடக்கே இருந்து ஆள் வர்றாங்க, இங்கயே தங்கிக்குவாங்க. சம்மதம்னா காய் எடுப்போம். இல்லைன்னா கம்பெனி வேற மாவட்டம் பார்க்கும். யார் யாருக்குச் சம்மதம்?"

நான் எழுந்து, பல வருடப் பயம் ஒரு சீசனில் போய்விடுமா சார் என்று கேட்டேன். "நீங்க கம்பெனியா, ஊரா? உட்காருங்க" என்றார்.

முதலில் மாட்டுக்காரர் வேலுச்சாமி கையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக. செடியில் காய் நிற்கிறது, நாளைக்குப் பறிக்காவிட்டால் நார். கடைசியாக சங்கையா மாமாவும் தூக்கினார். தலைக்கு மேலே போகவில்லை அந்தக் கை. தோள் வரைக்கும் வந்து நின்றது. அதுவே போதுமாக இருந்தது.

அத்தையின் செருப்பை எடுத்துக்கொண்டு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மாமாவுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் தூக்குனீகளாமே?"

"காய் நிக்கி. போர்க் கடன் நிக்கி. என்னைய என்ன செய்யச் சொல்லுத?"

"நான் ஒண்ணும் சொல்லல. தூக்குன கை வலிக்கும், சாப்புடுங்க."

அவர் சாப்பிட்டார். வேறு என்ன செய்வார். மிதிபட்ட செடிகளை அந்த வாரம் பிடுங்கிப் போட்டார்கள். அந்தப் பாத்தியில் வந்திருக்க வேண்டிய காயும் இல்லை, அத்தையின் கூலியும் இல்லை. கடன்காரர் மட்டும் தவறாமல் வந்தார். ஊரில் வேறு எந்த வேலைக்கு அத்தை போக முடியும்? களையெடுப்பு மாதிரி காட்டு வேலை வருடத்தில் சில மாதம். மற்றபடி எங்கள் தெருவுக்குள் வருகிற வேன்கள் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த ஒரு காலையில் நான் சங்கையா மாமாவின் தோட்டத்தில் காய் எடை போட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டோரம் அத்தை காத்திருந்த இடத்தில் பட்டாசு வேன் வந்து நின்றது. போர்மேன் மாரிசாமி முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வாத்தா பாண்டிலட்சுமி! அவரைக்காய்க்குப் பயந்து கம்மாய்க்கு ஓடுனவ நீதான?"

வேனுக்குள் சிரிப்பு.

"ஓடுனேன்" என்றாள் அத்தை. "அதுக்கென்ன இப்ப?"

"நல்லதாப் போச்சு. எங்களுக்கு அப்படி ஓடுற ஆளுதான் வேணும். ஏறு."

மாமா செடிக்குள் குனிந்தவர் நிமிரவில்லை. ஏறிய மற்ற பெண்களையும் நான் பார்த்தேன். ஷெட்டில் இருந்தவர்கள்தான். மேஜைக்கு நான்கு பேராக உட்கார்ந்தவர்கள்.

அத்தை ஜன்னல் ஓரம் இடம் பிடித்தாள். வேன் நகரும்போது எதிரே ஷெட்டைப் பார்த்தாள். திறந்திருந்த முன்வாசல் வழியே தெரிந்தது: உள்ளே புது ஆட்கள், சின்னப் பெண்கள், மேஜைக்குப் பத்துப் பேராக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பின்வாசலின் உள்பக்கம் புதுப் பூட்டு தொங்கியது.

"ஏலே!" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "அந்தப் பூட்டக் களத்தச் சொல்லுலே. அதுகளும் பொம்பளப் புள்ளைகதான."

சொன்னேன். குளிர் வெளியே போய்விடும் என்றார் தருண்குமார்.