ஏலக்காய் பின்னும் நீல டிக்கும்

போன வாரம் பட்டப்பகலில், தேனி டவுனுக்குள், என் சொந்த வீட்டில், ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு. கையில் போன். நெஞ்சுக்குள் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரு ஏலக்காய். நிஜ ஏலக்காய்கூட இல்லை... பித்தளையில் அடித்து, பச்சை எனாமல் பூசிய ஒரு சின்ன பின்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சட்டையிலும் பையிலும் குத்திக்கொள்கிற அலங்கார பின்களைச் சேர்க்கிறவள் நான். ரயில், கிளி, மாம்பழம், மயில் — எது கிடைத்தாலும். என்னைப் போல முற்றிப்போன கேஸ்கள் சேர்ந்து ஆன்லைனில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். காசு பேச்சே கூடாது. பின்னுக்கு பின், அவ்வளவுதான். உன்னுடையதை நான் எடுத்துக்கொள்கிறேன், என்னுடையதை நீ எடுத்துக்கொள்.

காசு இல்லையென்றால் சண்டையும் இல்லை என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்துச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, சம்பந்தி வீட்டுச் சபை நாகரிகமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் போட்டோ போட வேண்டும். கீறல் இருந்தால் நாமே சொல்லிவிட வேண்டும். டூப்ளிகேட் என்று தெரிந்தே தள்ளிவிடக் கூடாது. கை மாறிய பின்னைத் திருப்பிக் கேட்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் "இதைத் தருகிறேன், அதைத் தருகிறீர்களா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றாவது சொல்லிவிட வேண்டும். பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது பெரிய பாவம்.

அந்தக் கடைசி விதியில்தான் நான் வழுக்கினேன்.

நான் பிறந்தது போடியில், ஏலக்காய் வியாபாரக் குடும்பத்தில். எங்கள் வீட்டு ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் விலை சொன்னால் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு காயை எடுத்து நகத்தால் கீறி, மோந்து பார்த்து, ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்ப்பார்கள். எதிராளியே பொறுக்க முடியாமல் தன் விலையைத் தானே திருத்திக்கொள்வார். என் அண்ணன் இன்றைக்கும் கடையில் அதைத்தான் செய்கிறார். "மொதல்ல வாயத் தொறக்குறவன் தோத்தான்" என்பது எங்கள் வீட்டு வேதம்.

இப்போது அந்த ஏலக்காய் பின்னுக்கு வருகிறேன். சென்னைக்காரர் ஒருவரிடம் மாம்பழ பின்னைக் கொடுத்து வாங்கியது. மலை மேலே ஏதோ ஒரு எஸ்டேட்டில் எப்போதோ ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஊசியைப் பின்னால் கவ்விப் பிடிக்கிற பித்தளை மூடி தேய்ந்து லூஸாக இருந்தது. அதைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, புதிதாகக் கறுப்பு ரப்பர் மூடி மாட்டினேன். கொஞ்ச நாள் வைத்து அழகு பார்த்தேன். பிறந்த வீட்டில் பார்க்காத ஏலக்காயா என்று ஒருநாள் அலுத்துப்போய், "மாற்றத் தயார்" என்று குரூப்பில் போட்டோவைப் போட்டேன்.

உடனே தனியாக ஒரு மெசேஜ். "அக்கா, கிளி தாரேன். ஏலக்காய் குடுக்குறீகளா?"

அனுப்பியது "லோயர் கேம்ப் மலர்". லோயர் கேம்ப் எங்கள் மாவட்டத்து மலையடிவார ஊர். டிபியில் முகம் கிடையாது. அரிவாளை ஓங்கிக்கொண்டு கருப்பசாமிதான் இருந்தார். முன்பு ஒருமுறை இந்த மலரோடு ஒரு சின்ன மாற்று நடந்திருக்கிறது. கவர் போனது, கவர் வந்தது. ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்டதில்லை.

கிளி நல்ல கிளிதான். நியாயமான மாற்றுதான். "சரி" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். ஆனால் ரத்தம் போடி ரத்தம் ஆயிற்றே! மெசேஜைப் பார்த்தேன், நீல டிக் விழுந்தது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன்.

ரசம் கொதிப்பதற்குள் அடுத்த மெசேஜ். "கிளியோட ரயிலும் தாரேன்க்கா."

பேசாமல் இருந்தேன். மறுநாள் காலை மயில் சேர்ந்தது. மத்தியானம் செம்பருத்தி சேர்ந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டுப் பெருமையடிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

சாயங்காலம் வந்த மெசேஜை ரெண்டு தடவை படித்தேன்.

"எங்கிட்ட இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துக்கங்க. அந்த ஒண்ண மட்டும் குடுத்துருங்க."

இதை எந்த மனிதராவது சொல்வாரா? ஒரு சின்ன பின்னுக்காக யாராவது மொத்தச் சேமிப்பையும் கொடுப்பாரா? அந்த ஏலக்காய்க்குள் என்னதான் இருக்கிறது? திருட்டுப் பொருளா? ஏதாவது கேஸில் மாட்டியதா? இல்லை, அந்த ஆள் தருகிறேன் என்பதெல்லாம் டூப்ளிகேட்டா?

மோட்டார், பைப் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஒரு பித்தளத் துண்டுக்கு ஒரு டப்பா நெறயத் தாரேங்கிறான்னா, ஒண்ணு அவன் கிறுக்கனா இருக்கணும், இல்ல களவாணியா இருக்கணும். நீ எதுக்கும் பதில் போட்டுறாத!"

நல்ல ஆலோசனை! பதில் போடாததால்தானே இந்த வினையே.

கடைசியில் துணிந்து அந்த நம்பருக்கே போன் போட்டேன். ஒரு ரிங். கட் ஆனது. மறுபடி போட்டேன். மறுபடியும் கட். கொஞ்ச நேரத்தில் மெசேஜ் மட்டும் வந்தது.

"நாளைக்கு தேனிக்கு வாரேன். நேர்ல பேசிக்கிருவோம்."

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரப்புத் தகராறில் "நேர்ல பேசிக்கிருவோம்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால், மறுநாள் வீட்டு ஆண்கள் யாரும் தனியாகத் தோட்டத்துக்குப் போக மாட்டார்கள். சரி, எந்த வீட்டுக்கு வருவதென்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் நிம்மதி வந்தது. அடுத்த நிமிடம் அதுவும் போனது. முதல் மாற்றில் கவர் அனுப்பினேனே... அதில் கதவு எண் முதற்கொண்டு அழகான கையெழுத்தில் எழுதியது நான்தானே!

யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் "எந்தத் தெரு?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறோம். முகம் தெரியாத ஒருவருக்கு மொத்த முகவரியையும் எழுதி, ஸ்டாம்ப் வேறு ஒட்டி அனுப்புகிறோம். எதற்கு? ஒரு பின்னுக்கு.

மறுநாள் வீட்டுக்காரர் கடைக்குப் போனதும் கேட்டைப் பூட்டினேன். கம்பத்துப் பக்கமிருந்து சாரல் வந்துகொண்டிருந்தது. காற்று கதவைத் தட்டும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

திரையை விலக்கிப் பார்த்தேன். முட்டி வரைக்கும் மழைக்கோட்டு. தலையில் கறுப்பு ஹெல்மெட். தோளில் கனமான பை. அந்த உருவம் கதவு எண்ணைப் பார்த்தது, கையிலிருந்த கவரைப் பார்த்தது, கேட்டைப் பிடித்து ஆட்டியது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "வந்தாச்சு" என்று ஒரே வார்த்தைதான் சொன்னேன்.

"யா... யாரு?" ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"நாந்தான்க்கா. மலரு."

பெண் குரல். அதுவும் என் குரலைவிட மோசமாக நடுங்கிய குரல். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முப்பது வயசு இருக்கும். அழுது அழுது கண் இடுங்கிப்போயிருந்தது. போய்ப் பூட்டைத் திறந்தேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தவள் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. "ஒங்கள நெனச்சாலே ஈரக்கொல நடுங்குதுக்கா" என்றாள்.

"என்னையா? நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீகளே! பாத்துட்டீகன்னு தெரியுது. பதில் இல்ல. ஒவ்வொண்ணா சேத்துப் பாத்தேன். அப்பவும் பேசல. இன்னும் என்ன கேக்கப் போறீகளோன்னு ரெண்டு நாளா சோறு எறங்கல."

விஷயம் இதுதான். அந்த ஏலக்காய் அவளுடைய மாமனாருடையது. எஸ்டேட்டில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லது கெட்டதுக்குப் போனால் சட்டைப்பையில் அந்த பின்னைக் குத்தாமல் போக மாட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் பீரோவைச் சுத்தம் செய்த மலர், அது தெரியாமல், ஏதோ பழசு என்று நினைத்து அதை ஒரு பூனை பின்னுக்கு மாற்றிவிட்டாள். சென்னைக்குப் போன ஏலக்காய், அங்கிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது. மறுநாள் கம்பத்தில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். மாமனார் பின்னைக் கேட்டிருக்கிறார்.

"ஏன் ஆத்தா, என் ஏலக்கா பின்னு எங்கனன்னு கேட்டாக. பாலீஷ் போடக் குடுத்திருக்கேன் மாமான்னு சொல்லிட்டேன். அவுக ரொம்பக் கோவக்காரக. என் வீட்டுக்காரரே அவுக முன்னால ஒக்கார மாட்டாக. நீங்க போன் போட்டப்ப மாமா பக்கத்துல இருந்தாக, அதான் கட் பண்ணேன். இப்பக்கூட பாலீஷ் கடைக்குன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மலரு?"

"எப்படிச் சொல்ல? திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு குரூப்ல சட்டம். அதோட, நமக்குக் கட்டாயம் வேணும்னு தெரிஞ்சா எதிராளி ஏத்திருவாகன்னு சந்தையில வளந்தவளுக்குத் தெரியாதாக்கா?"

தெரியாமலா இருக்கும்! ஒருத்தி தேவையை மறைத்தாள். ஒருத்தி வாயை மூடினாள். ரெண்டு பேரும் சந்தை சாமர்த்தியத்தைக் காட்டிவிட்டு, ஆளுக்கொரு வீட்டில் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்து வெளியே பைக் சத்தம். கையில் பைப் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க என் வீட்டுக்காரர் உள்ளே பாய்ந்தார். "எவன்டா அது?" மலர் வீல் என்று கத்தி, பையைக் கீழே போட்டாள். டப்பா திறந்து கிளி, ரயில், மயில், செம்பருத்தி எல்லாம் தரையில் உருண்டன. அவள் முகத்தில் தெரிந்த பயத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். ரெஞ்சை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் சோபாவுக்குக் கீழே தள்ளினார் அவர்.

ஏலக்காயை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன். சும்மா வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கிளியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணு போதுமாக்கா?"

"நீ மொதல்ல தாரேன்னது இதத்தான? அதுதான் நியாயம். மத்ததெல்லாம் நீ பயந்து ஏத்துனது."

அவளுக்குச் சொன்னாலும் எனக்கே சொல்லிக்கொண்டதுதான் அது. ஒரு பொருளின் மதிப்பு என்ன என்று குரூப்பில் நாள்கணக்கில் சண்டை போடுகிறோம். பழசா, அபூர்வமா, எங்கே அடித்தது என்று. எதிராளி பயத்தில் கூட்டிக் கொடுப்பதை மட்டும் யாரும் மதிப்பில் சேர்க்கக் கூடாது.

மலர் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தாள். கதை இத்தோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்?

மறுநாள், நிச்சயதார்த்தத்தன்று காலை, டிராயரைத் திறந்தால், பழைய பித்தளை மூடி என்னைப் பார்த்து முறைக்கிறது. ஐயோ! அந்தக் கோபக்கார மனிதர் பின்னைத் திருப்பிப் பார்த்தால்? பித்தளை இருந்த இடத்தில் கறுப்பு ரப்பர் இருப்பது தெரியாதா? "எவன் கையில குடுத்த?" என்று ஆரம்பித்தால் அந்தப் பெண்ணின் பொய் எத்தனை நேரம் தாங்கும்?

"மலர், பழைய மூடி இங்கே இருக்கிறது. அனுப்பவா?" என்று மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

"கூரியர் வேண்டாம். நானே பஸ்ஸில் வந்து தருகிறேன்." நீல டிக். பதில் இல்லை.

"மூடியோடு என் நட்சத்திர பின்னும் தருகிறேன். ஒரு வார்த்தை பேசு மலர்."

பின்னால் நின்று எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் கேட்டார். "இப்ப யாரு ஏத்திக்கிட்டே போறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பொழுது முழுக்கப் போனும் கையுமாக நடந்தேன். பதில் வராத ஒரு போன் இவ்வளவு பயமுறுத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் பெண்ணை ரெண்டு நாள் இப்படித்தானே வைத்திருந்தேன்?

பொழுது சாயும் நேரத்தில் ஒரு போட்டோ வந்தது. வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் பச்சை ஏலக்காய். அதற்கு மேலே நரைத்த மீசையோடு ஒரு முகம்... சிரிக்கிற முகம்.

"மண்டபத்துல டவர் வந்து வந்து போகுதுக்கா, நான் அனுப்புன பதிலே போகல. மாமா திருப்பிப் பாத்துட்டாக. எனக்கு உசுரே போயிருச்சு. ஆனா பாலீஷ் போட்ட ஆளு வெவரமானவன்னு சொல்றாக. ரப்பர் போட்டதால சட்ட கிழியலையாம்."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சந்தோஷம் மலர்" என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மெசேஜ்.

"எஸ்டேட்ல குடுத்த இன்னொரு பித்தள பேட்ஜ் இருக்காம்க்கா. கறுத்துக் கெடக்கு. அதையும் அதே ஆளுகிட்ட குடுத்துப் பளபளன்னு வாங்கிட்டு வரச் சொல்லிட்டாக."

இந்த முறை நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "அனுப்பு மலர்" என்று உடனே பதில் போட்டுவிட்டேன்.

பேட்ஜ் நேற்று வந்து சேர்ந்தது. கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. புளி தடவிப் பார்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன்... அந்தக் கோபக்கார மனிதர் லோயர் கேம்ப்பில் காத்திருக்கிறார், எனக்கோ பாலீஷ் போடத் தெரியாது.